யூனிகோட் என்பது இன்னோர் எழுத்துரு அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆக்கங்கள் கோரும் அறிவித்தல்களிலும் விண்ணப்பப் படிவங்களிலும் "யூனிகோட் எழுத்துருவில், 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பவும்" என்ற வரி அடிக்கடி வருகிறது. இன்னும் சிலவற்றில் "பாமினி அல்லது யூனிகோட் எழுத்துருவில்" என்று, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும் யூனிகோட்டும் ஒரே இனப் பொருட்கள் போல அடுத்தடுத்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் அச்சகங்கள், பாடசாலைகள், சனசமூக நிலையங்கள், அலுவலகங்கள் என்று எங்கும் இந்தப் பேச்சு வழக்கில் இருப்பதால், இதன் பொருளையும் இதனால் கோப்புகளுக்கு நேரும் கேட்டையும் உங்கள் பத்திரிகை வழியாக விளக்க இடம் தருமாறு வேண்டுகிறேன்.

யூனிகோட் ஓர் எழுத்துரு அல்ல. அது ஒரு குறியேற்றம். உலகின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண் கொடுத்து வைத்திருக்கும் பொதுப் பட்டியல் என்று சொன்னால் போதும். அதன் முதற் பதிப்பு 1991இல் வந்தது. தமிழுக்கு அதில் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. எல்லா இடமும் நிரப்பப்படவில்லை. அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. புள்ளிக்கு 3021, அரவுக்கு (ா) 3006. அடையாள அட்டை இலக்கத்துக்கும் ஆள் உடுத்தியிருக்கும் உடுப்புக்கும் உள்ள வேறுபாடுதான் யூனிகோட்டுக்கும் எழுத்துருவுக்கும் உள்ளது. லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் என்பவை உடுப்புகள். எதை மாற்றினாலும் உள்ளே 2949 என்ற எண் 2949 ஆகவே இருக்கும்.

பாமினி வேறு வகையானது. அதன் கோப்புக்குள் தமிழே இல்லை. 'தமிழ்' என்று பாமினியில் தட்டினால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. எண்ணாகச் சொன்னால் 106, 107, 112, 111, 59. திரையில் அவற்றைத் தமிழ் வடிவங்களாக வரைந்து காட்டும் வேலையை மட்டும் பாமினி செய்கிறது. அதே சொல் யூனிகோட்டில் 2980, 2990, 3007, 2996, 3021 என்று பதிவாகிறது: தகரம், மகரம், இகர விசிறி (ி), ழகரம், புள்ளி. கணினியைப் பொறுத்தவரை முதலாவது ஏதோ பொருளற்ற ஆங்கிலம். இரண்டாவதுதான் தமிழ்.

இதனால்தான் பாமினிக் கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் தெரிவுசெய்து எழுத்துருவை லதாவாக மாற்றினால் பக்கம் முழுவதும் ஆங்கிலக் குப்பையாகிறது. "யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றி அனுப்புங்கள்" என்ற கோரிக்கையை அப்படியே நம்பிச் செய்யும் ஆசிரியரோ செயலாளரோ காண்பது இதைத்தான். லதாவில் ஏதோ பழுதென்று எண்ணிப் பாமினிக்கே திரும்பிவிடுகிறார்கள். எழுத்துருவை மாற்றுவது வேறு, குறியேற்றத்தை மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு 'மாற்றி' என்ற தனி மென்பொருள் ஒன்று தேவை.

ஒரு கோப்பு எந்த வகை என்று அறிய எளிய சோதனை உண்டு. வேர்டில் ஒரு வரியைத் தெரிவுசெய்து எழுத்துருவைக் கலிப்ரி என்று வையுங்கள். ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பாமினி அல்லது அதன் வகையைச் சேர்ந்த வேறொரு பழைய எழுத்துரு. தமிழாகவே நின்றால் யூனிகோட். வேர்ட் இல்லாதவர்கள் அந்த வரியைப் பிரதிசெய்து வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிப் பார்க்கலாம். பிடிஎப் கோப்புக்கும் இது பொருந்தும். பார்வைக்கு அழகாகத் தமிழ் தெரியும். பிரதிசெய்து ஒட்டினால் ஆங்கிலம் வரும். அப்படிப்பட்ட பிடிஎப்பை இணையத்தில் ஏற்றி வைத்தாலும் தமிழில் தேடும் எவருக்கும் அது அகப்படாது.

அச்சில் சரியாக வந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. துண்டுப்பிரசுரம் ஒன்றுக்கு, அடித்து முடிந்ததும் எறியப்போகும் கோப்புக்கு, போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பெயர்ப் பட்டியல், அங்கத்தவர் பதிவேடு, பாடசாலை மாணவர் விபரம், நூலகத்தின் நூற்பட்டியல் ஆகியவை பாமினியில் இருந்தால் வரும் கேடு மிகப் பெரிது. அது வெளியில் தெரியாமலே நடப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாமினியில் ஓர் ஆங்கில எழுத்தின் சிறிய வடிவம் ஒரு தமிழ் எழுத்து, பெரிய வடிவம் இன்னொரு தமிழ் எழுத்து. சிறிய எம் அகரம், பெரிய எம் ஆகாரம். சிறிய வி எகரம், பெரிய வி ஏகாரம். சிறிய பி இகர விசிறி, பெரிய பி ஈகார விசிறி. சிறிய கே மகரம், பெரிய கே 'மு'. சிறிய எல் டகரம், பெரிய எல் 'டு'. எக்செலோ தேடும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டை இயல்பாகப் பார்ப்பதில்லை. ஆகவே பாமினிப் பட்டியலில் 'எடு' என்று தேடினால் 'ஏடு' வரும். 'நாட' என்பதும் 'நாடு' என்பதும் அதற்கு ஒன்றே. ஒரு தாளிலுள்ள பெயரை வைத்து மறுதாளிலிருந்து பரீட்சைப் புள்ளியையோ தொகையையோ எடுக்கும் விலுக்கப் சூத்திரமும் இப்படியே நடந்துகொள்ளும். குறில் நெடிலில் மட்டும் வேறுபடும் இரண்டு பெயர்களில் முதலில் கண்ணில் பட்டதன் விபரத்தைக் கொண்டுவந்து போட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்குத் தவறியது என்று அறிய வழியே இல்லை.

அகரவரிசை கேட்டால் நிலைமை இன்னும் மோசம். பாமினியில் இகரம் என்பது உண்மையில் ஒரு காற்புள்ளி. எழுத்துகளுக்கு முன்னர் குறிகளை வைப்பது எக்செலின் முறை. எனவே இராசையாவும் இராமநாதனும் பட்டியலின் தலையில் ஏறுவார்கள். அடுத்து யகரம், பிறகு உகரம், நகரம், ககரம், பகரம் என்று ஆங்கில அரிச்சுவடியின் ஒழுங்கில் பெயர்கள் விழும். அகரத்தில் தொடங்கும் அருளம்பலம் தகரத்தையும் மகரத்தையும் தாண்டிய பின்னரே வருவார். செல்லத்துரை, பெரியதம்பி, கொடிகாமத்துக்காரர் எல்லாரும் ஒற்றைக் கொம்பின் (ெ) கீழ் ஒன்றாகக் கிடப்பார்கள். ஏனென்றால் பாமினியில் கொம்பு முதலில் தட்டப்படுகிறது, மெய் பின்னால் வருகிறது. யூனிகோட்டில் மெய் முதலில், கொம்பு பின்னால். நாம் உச்சரிக்கும் ஒழுங்கு அது.

இகரம் காற்புள்ளியாக இருப்பதால் இன்னோர் இடர் உண்டு. பதிவேடுகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட கோப்பாகச் சேமிப்பது வழக்கம். கவனமில்லாமல் எழுதப்பட்ட மென்பொருள் ஒவ்வொரு காற்புள்ளியையும் புதிய நிரலின் (நெடுக்கு வரிசையின்) தொடக்கமாகக் கொள்ளும். முதலெழுத்து இகரமாக உள்ளவர்களின் வரி முழுவதும் ஒரு நிரல் வலப்பக்கம் தள்ளப்பட்டு, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பெயரும், தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் முகவரியும் வந்து நிற்கும். இரகரத்துக்கு முன் இகரம் சேர்த்துப் பெயர் எழுதும் மரபு நம்மிடம் வலுவாக இருப்பதால் யாழ்ப்பாணத்துப் பட்டியல்களில் இது விதிவிலக்கு அல்ல. ஈகாரமோ கணிதத்தில் 'சிறிது' என்பதைக் காட்டும் கூர்க்குறி (<). இணையப் பக்கக் குறிமொழி கட்டளையைத் தொடங்குவது அந்தக் குறியால்தான். பாமினி வரியை அப்படியே பக்கத்தில் இட்டால் ஈகாரத்துக்குப் பின்னுள்ள பகுதி காணாமற்போவதற்கு அதுதான் காரணம்.

வேர்டின் தன்னியக்கத் திருத்தமும் தன் பங்குக்குச் சேதம் செய்யும். வசனத்தின் முதலெழுத்தை அது பெரிய எழுத்தாக்கும். 'மக்கள்' என்று தொடங்கிய வசனம் 'முக்கள்' ஆகும். 'கல்வி' 'குல்வி' ஆகும். நீண்ட காலம் பாமினியில் வேலை செய்பவர்கள் அந்தத் தெரிவை முதல் நாளே நிறுத்தி வைத்திருப்பார்கள். ஆனால் கோப்பு இன்னொருவரின் கணினிக்குப் போய், அங்கே ஒரு திருத்தம் செய்யப்படும்போது மறுபடியும் நடக்கும். வினாத்தாள்களில் வரும் விசித்திரமான எழுத்துப் பிழைகள் பலவற்றுக்கு ஆசிரியர் காரணமல்ல, இந்தத் திருத்தமே காரணம்.

விழிப்புலன் இழந்தோர் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான்கள் யூனிகோட் தமிழை வாசித்துச் சொல்கின்றன. பாமினிக் கோப்பைக் கொடுத்தால் ஆங்கில எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக உச்சரிக்கும். ஒரு மாணவருக்குப் பாடக்குறிப்பு கிடைக்கிறதா இல்லையா என்பது தட்டச்சு செய்தவர் எந்தக் குறியேற்றத்தைத் தேர்ந்தார் என்பதில் தங்கியிருக்கிறது. இந்த ஒரு காரணமே பாடசாலைகள் மாறுவதற்குப் போதுமானது என்பது என் உறுதியான எண்ணம்.

"பாமினியில் கை பழகிவிட்டது, இனி வேறு விசைப்பலகை பழக முடியாது" என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் அது தேவையற்றது. விசைப்பலகை அமைப்பும் குறியேற்றமும் வெவ்வேறு. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்ற இரண்டு இலவச மென்பொருள்களிலும் பாமினி விசை அமைப்பு இருக்கிறது. அதைத் தெரிவுசெய்தால் விரல்கள் பழகிய இடத்திலேயே நடமாடும். கோப்பில் விழுவது யூனிகோட்டாக இருக்கும். நடுவரிசையில் ய, ள, ன, க, ப, அரவு, த, ம, ட என்று வருகிற அதே பழைய தட்டச்சுப்பொறி ஒழுங்குதான். புதிதாகப் பழகுவோருக்கு மட்டும் வேறு வழியைச் சொல்வேன். இலங்கைக்கென எஸ்எல்எஸ் 1326 என்ற தர நியமம் உண்டு. தமிழ்நாட்டில் 1999இல் வகுக்கப்பட்ட தமிழ் 99 அமைப்பு கற்க எளிது, புள்ளியைப் பல இடங்களில் தானே இடும். கைத்தொலைபேசியில் கூகுள் விசைப்பலகையும் செல்லினமும் இருக்கின்றன. எதில் தட்டினாலும் பலன் ஒரே எண்கள்.

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் வெளி மென்பொருள் இல்லாமலும் தட்டலாம். அமைப்புகளில் 'நேரமும் மொழியும்' என்ற பகுதிக்குப் போய், மொழியைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பின்னர் அந்த மொழியின் தெரிவுகளுக்குள் சென்று விசைப்பலகையைச் சேருங்கள். விண்டோஸ் விசையையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறிமாறி வரும். வேர்டில் தமிழின் எழுத்துரு மாறவில்லை, அளவு மாறவில்லை என்ற முறைப்பாடு அடிக்கடி எழும். கொன்ட்ரோல் விசையுடன் டியை அழுத்தினால் திறக்கும் பெட்டியில் 'கொம்பிளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற தனிப் பகுதியொன்று இருக்கும். தமிழுக்குரிய எழுத்துருவும் அளவும் அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன.

இனிப் பழைய கோப்புகள். கல்வெட்டுகள் எனப்படும் இறந்தோர் நினைவு மலர்கள், ஆலயக் கும்பாபிஷேக மலர்கள், பரிசளிப்பு விழா மலர்கள், பல ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கைகள் என்று நம்மிடம் பாமினியில் குவிந்து கிடப்பவை அதிகம். மாற்றி ஒன்றில் ஒட்டி எடுத்தால் தீர்ந்தது என்று எண்ணக்கூடாது. மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. மின்னஞ்சல் முகவரிகளும் ஆங்கிலப் பெயர்களும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். ஆகவே தமிழ்ப் பந்திகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்ற வேண்டும். வேர்டின் விரிவான தேடலில் எழுத்துரு பாமினி என்று குறிப்பிட்டுத் தேடினால் அந்தப் பகுதிகளை மட்டும் தெரிவுசெய்ய முடியும். மூலக் கோப்பின் மேல் வேலை செய்யாமல் முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பின் இரண்டு வகைப் பிழைகள் நிச்சயம் இருக்கும். முதலாவது, ரகரத்துக்குப் பதிலாக அரவு. பாமினியில் 'ரி' என்பதை ரகரத்தின் விசையால் தட்டாமல் அரவின் விசையால் தட்டினாலும் பார்வைக்கு வேறுபாடு தெரியாது, கைக்கும் அதுவே சுலபம். அதனால் அநேகர் அப்படியே தட்டியிருக்கிறார்கள். யூனிகோட்டுக்கு மாற்றியதும் 'ஆசிரியர்' என்ற சொல் 'ஆசிாியா்' என்று நிற்கும். அச்சில் பிழை தெரியாது, தேடலில் அகப்படாது. தமிழில் அரவுக்குப் பின் விசிறியோ புள்ளியோ ஒருபோதும் வராது. எனவே 'ாி' என்பதை 'ரி' ஆகவும், 'ாீ' என்பதை 'ரீ' ஆகவும், 'ா்' என்பதை 'ர்' ஆகவும் கோப்பு முழுவதும் ஒரேயடியாக மாற்றலாம். ஆபத்தில்லை.

இரண்டாவது ஔகாரம். பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக்குறி இல்லை. கொம்பு போட்டு, மெய் போட்டு, ளகரத்தைப் பக்கத்தில் வைப்பார்கள். ஆகவே 'கௌ' என்பதும் 'கெள' என்பதும் கோப்பில் ஒன்றே. மாற்றி இரண்டில் ஒன்றை ஊகிக்க வேண்டியிருக்கிறது. சில மாற்றிகள் எல்லாவற்றையும் ஔகாரமாக்கி 'வெளிநாடு' என்பதை 'வௌிநாடு' என்றும் 'வெள்ளம்' என்பதை 'வௌ்ளம்' என்றும் தரும். செய்தித் தளங்களில்கூட இந்த உருவங்களைக் காணலாம். வேறு சில மாற்றிகள் எதையும் தொடாமல் விட்டு 'கெளரவ', 'பெளத்த', 'மெளன' என்று தரும். முதல் வகைக்கு மருந்து எளிது: ஔகாரக் குறிக்குப் பின் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வர முடியாது, ஆதலால் 'ௌி' என்பதை 'ெளி' ஆகவும் 'ௌ்' என்பதை 'ெள்' ஆகவும் மாற்றிவிடலாம். இரண்டாம் வகையில் மொத்தமாக மாற்றினால் 'தெளிவு', 'வெளியீடு' எல்லாம் கெட்டுவிடும். கௌரவ, கௌரி, பௌத்த, பௌர்ணமி, மௌன, மௌலவி, யௌவன, சௌந்தர என்று சொல் சொல்லாகத் தேடித் திருத்துவதே வழி.

நேரே யூனிகோட்டில் தட்டுபவர்களும் இந்த ஔகாரத்தில் தவறுகிறார்கள். அழைப்பிதழ்களில் 'கெளரவ விருந்தினர்' என்று ககரத்துடன் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டுவது மிகப் பரவலான பிழை. ஔகாரக் குறிக்கு 3020 என்ற தனி எண் இருக்கிறது. அதையே தட்ட வேண்டும். 'ஔவை'யை ஒகரத்துடன் ளகரம் சேர்த்து எழுதுவதும் இதே பிழை. ஸ்ரீ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று. 2005இல் யூனிகோட்டில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தெரியும். ஒரு பதிவேட்டில் ஸ்ரீதரன் ஒருவர் இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தால் தேடலில் பாதிதான் வரும். அலுவலகத்துக்குள் எது என்று முதலே முடிவு செய்துகொள்வது நல்லது.

திரையில் தமிழ் குழம்பித் தெரியும்போது "எழுத்துரு இல்லை" என்று ஒரே விடையைச் சொல்லிவிடுவது நம் வழக்கம். குழப்பத்தின் உருவத்தைப் பார்த்தால் நோய் எதுவென்று தெரிந்துவிடும். வெறும் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால்தான் எழுத்துரு இல்லை என்று பொருள். ஒன்றை நிறுவினால் சரியாகும். புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தால் கொம்போ விசிறியோ மெய்யில்லாமல் தனித்து நிற்கிறது; தட்டிய ஒழுங்கு பிழை, அல்லது அந்த மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆர் என்ற வணிகக் குறியும் மாறிமாறி வந்தால் யூனிகோட் கோப்பை மென்பொருள் வேறு குறியேற்றமாக எண்ணி வாசிக்கிறது. தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. திறக்கும்போது, யூனிகோட்டைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎப்-8 என்று குறிப்பிட்டால் தமிழ் திரும்பி வரும். எக்செலில் காற்புள்ளிக் கோப்பை இரட்டைச் சொடுக்கால் திறக்கும்போது இது நேரும். தரவு (டேட்டா) என்ற தத்தலில் உள்ள இறக்குமதி வழியாகத் திறக்க வேண்டும். வரி முழுவதும் கேள்விக்குறிகளாக இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். யாரோ யூனிகோட்டை ஏற்காத வகையில் சேமித்துவிட்டார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் பதில் கேள்விக்குறியே பதிவாகியிருக்கிறது. அந்தக் கோப்பிலிருந்து தமிழை எவராலும் மீட்க முடியாது. மூலத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே எக்செலில் காற்புள்ளிக் கோப்பாகச் சேமிக்கும்போது பட்டியலில் 'யூடிஎப்-8' என்று சேர்த்து எழுதப்பட்ட வகையையே தெரிவுசெய்யுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்பும் சங்கங்களுக்கும் கடைகளுக்கும் ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் கொள்ளும். தமிழ் எழுத்து ஒன்று வந்தாலே எல்லை 70 ஆகக் குறையும். அதைத் தாண்டினால் பகுதிக்கு 67 வீதம் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு பகுதிக்கும் கட்டணம் சேரும். எண்ணப்படுவது நாம் எண்ணும் எழுத்தல்ல; புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். 'யாழ்ப்பாணம்' நமக்கு ஆறு எழுத்து, அங்கே 11. 'நாளை காலை 9 மணிக்கு நிர்வாக சபைக் கூட்டம்.' என்ற செய்தி இடைவெளிகளோடு 42 இடம் பிடிக்கும். பெயர் எழுதும் கட்டங்களுக்கு நீளம் ஒதுக்கும் மென்பொருளாளர்களும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களின் கடைசிப் புள்ளி அறுபட்டு நிற்பது இதனால்தான்.

அச்சக நண்பர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பக்க வடிவமைப்புக்குப் பயன்படும் பேஜ்மேக்கர் யூனிகோட்டை ஏற்காது. அது எப்போதோ கைவிடப்பட்ட மென்பொருள். இன்டிசைனில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்புகள் இடம் மாறித் தெரியும் என்று சொல்கிறார்கள். பந்திக்குரிய பட்டியலில் 'வேர்ல்ட்-ரெடி' என்று பெயர் தொடங்கும் கோப்பானை (கொம்போசர்) தெரிவுசெய்தால் கொம்புகள் சரியான இடத்தில் அமரும். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் எழுத்துக்குரிய விருப்பத்தேர்வுகளில் மத்தியகிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்கி, புதிய கோப்பைத் திறந்து முயல வேண்டும். யூனிகோட்டில் அழகான எழுத்துகள் இல்லை என்ற குறையும் இப்போது பொருந்தாது. ஹிந்த் மதுரை, கட்டமரன், மீரா இனிமை, பவனம், கவிவனர், பலூ தம்பி, நோட்டோ செரிப் தமிழ் எல்லாம் கூகுளின் எழுத்துருத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சுக்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம். தலைப்புக்கு மட்டும் பழைய எழுத்துருவின் வடிவம்தான் வேண்டும் என்றால் அந்த ஒரு வரியைப் பாமினியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளடக்கம் யூனிகோட்டில் இருக்கட்டும்.

எழுத்துரு எதுவென்றே தெரியாத பழைய பேஜ்மேக்கர் கோப்போ, தாளில் மட்டும் எஞ்சிய மலரோ இருந்தால், தெளிவாக ஸ்கான் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் அது எழுத்துகளை அடையாளம் கண்டு யூனிகோட் தமிழாகத் தரும். 300 புள்ளி நுணுக்கத்தில், பக்கம் சாயாமல் ஸ்கான் செய்ய வேண்டும். இரண்டு நிரல் பக்கங்களில் வரிகள் கலந்துவிடும். நிரல் நிரலாக வெட்டிக் கொடுங்கள். மெய்ப்புப் பார்க்காமல் எதையும் வெளியிட வேண்டாம்.

பத்திரிகைக்கு என் வேண்டுகோள் சிறியது. வாசகர் ஆக்கங்களுக்கான உங்கள் அறிவித்தலிலும், நீங்கள் பிரசுரிக்கும் பிற அறிவித்தல்களிலும் "யூனிகோட் எழுத்துருவில்" என்பதற்குப் பதிலாக "யூனிகோட் குறியேற்றத்தில், விரும்பிய எழுத்துருவில்" என்று இடுங்கள். பிடிஎப்புடன் வேர்ட் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

பாமினிக் கோப்புகளை இன்னும் மாற்ற நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டும் இன்றே செய்து வைக்கலாம். விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பைப் பிரதிசெய்து, உங்கள் ஆவணங்கள் இருக்கும் அதே கோப்புறையில் வையுங்கள். பாமினி என்ற பெயரில் சிறுசிறு வேறுபாடுகளுடன் பல பதிப்புகள் உலவுகின்றன. கோப்பு எந்தப் பதிப்பில் தட்டப்பட்டதோ அது கையில் இருந்தால்தான் பின்னர் மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் குறிகளும் சரியாக வரும்.

இங்ஙனம்,
கணினித் தட்டச்சுப் பயிற்றுநர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.